வாசித்து விளையாடு

(பேலியகொடையில் மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)

தலைவர் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே, போனை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே,

பழைய கணினி மொழிகளில் கேம் செய்வதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு தகப்பன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சேர், பிள்ளை கேம் விளையாடுறதே தலையிடி. இப்ப செய்யவும் பழக்கப் போறீங்களா?" என்றார். அதற்குத்தான் வந்திருக்கிறேன். செய்யத் தொடங்கிய பிள்ளை விளையாடுகிற நேரம் குறையும். நித்திரையும் குறையும், அதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பேலியகொடை என்றால் கொழும்புக்காரருக்கு நினைவில் வருவது மீன் சந்தை. 2020இன் கடைசியில் மெனிங் சந்தையும் களனி கங்கையைக் கடந்து இங்கே வந்துவிட்டது. ஆனால் 1875இல் வித்தியாலங்காரப் பிரிவெனா தொடங்கியதும் இந்த ஊரில்தான். ஏடு வாசிக்கப் பழக்கிய ஊர் இது. இன்றைய பேச்சும் வாசிப்பைப் பற்றியதுதான், வாசிக்கப்போவது மட்டும் செய்நிரல்.

நம் பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைக்கு மூன்று மொழிகள் வரிசையாக வருகின்றன. கீழ் வகுப்பில் ஸ்கிராச். சாதாரண தரத்தில் பாஸ்கல். உயர்தரத்தில் பைதன். ஸ்கிராச்சில் பிள்ளை பூனையை ஓடவிடுகிறது, சிரிக்கிறது. பைதன் படிக்கிற பிள்ளை, இது வேலைக்கு உதவும் என்று நெஞ்சை நிமிர்த்துகிறது. நடுவில் நிற்கிற பாஸ்கலைத்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. "சேர், இத இப்ப யாரு பாவிக்கிறாங்க?" என்ற கேள்வி வராத வகுப்பு ஒன்றை நான் கண்டதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று எண்களில் பெரியது எது, ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டினால் எவ்வளவு, இவற்றையே கடந்தகால வினாத்தாள்களில் திருப்பித் திருப்பிச் செய்தால் எந்த மொழிதான் செத்ததாகத் தெரியாது?

என் கட்சியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்காக இல்லாமல், ஆசைக்காக, தனியாக உட்கார்ந்து கேம் செய்கிற ஒருவருக்கு, முழுவதும் ஒரு தலைக்குள் அடங்குகிற சிறிய மொழி வேண்டும். எழுதியதை மேலிருந்து கீழ்வரை வாசிக்க முடிய வேண்டும். பழைய மொழிகள் பலவற்றிடம் இந்தக் குணம் இருக்கிறது. அவற்றைச் செய்தவர்கள் ஞானிகள் என்பதால் வந்த குணம் இல்லை. அன்றைய இயந்திரங்கள் சிறியவை, வேறு வழி இருக்கவில்லை.

"வாசிக்க இலகு" என்று எதைச் சொல்கிறோம்? சொற்கள் ஆங்கிலம் போல இருந்தால் இலகு, குறியீடுகள் நிறைந்தால் கடினம் என்பது பொதுவான எண்ணம். நம் ஏடுகளைப் பாருங்கள். புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அப்படிப்பட்ட சுவடிகளைப் பரிசோதித்துத்தான் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். பழகிய கண்ணுக்கு அந்த ஏடும் வாசிப்புக்குரியதுதான். ஆகவே பாதி இலகு எழுத்தில் இருக்கிறது, மறுபாதி வாசகனிடம் இருக்கிறது. பொழுதுபோக்காகக் கேம் செய்கிறவருக்கோ வாசகர் ஒருவர்தான். ஆறு மாதம் கழித்து, பரீட்சை முடிந்து, தன்னுடைய பழைய நிரலைத் திறந்து பார்க்கும் அவரேதான் அந்த வாசகர். அவருக்குப் பக்கத்தில் உரையாசிரியர் யாரும் இருக்கமாட்டார்.

இனி ஒரு கதை. இந்தப் பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள்.

1969ஆம் ஆண்டு. அப்பலோ 11 சந்திரனில் இறங்கி சில மாதங்கள்தான். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில், லெக்சிங்டன் உயர்நிலைப் பாடசாலையில் ஜிம் ஸ்டோரர் என்ற மாணவர், வயது 17. பாடசாலைக்குக் கிடைத்திருந்த பிடிபி-8 கணினியில், ஃபோக்கல் என்ற மொழியில், சந்திரனில் கலத்தை இறக்குகிற விளையாட்டொன்றை எழுதினார். படம் கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற கருவியில் எண்கள் அச்சாகும். கலம் 120 மைல் உயரத்தில் இருக்கிறது, வேகம் இவ்வளவு, எரிபொருள் இவ்வளவு. பத்து விநாடிக்கு ஒருமுறை, எவ்வளவு எரிக்கப் போகிறாய் என்று கேட்கும். கூடக் குறைய எரித்தால் சந்திரனில் புதிய பள்ளம் ஒன்று உண்டாகும். அவ்வளவுதான் விளையாட்டு. முழு நிரலும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஆனால் அந்த ஒரு பக்கத்துக்குள் எரிபொருள் குறையக் குறையக் கலத்தின் எடை குறைவதும், அதனால் ஆர்முடுகல் கூடுவதும் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்கிற பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த விளையாட்டு பேசிக் என்ற இன்னொரு மொழிக்கு மாறி, புத்தகத்தில் ஏறி, உலகம் சுற்றியது. 2024ஆம் ஆண்டு, அதாவது 55 வருடம் கழித்து, மார்ட்டின் மார்ட்டின் என்ற கணினியாளர் அதை எடுத்து வைத்து, மிகக் குறைந்த எரிபொருளில் இறங்குவது எப்படி என்று ஆராய்ந்தார். கணக்கு எதிர்பார்த்தபடி வரவில்லை. நிரலை வரிவரியாக வாசித்தார். கலம் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு வருகிற நேரத்தைக் காணும் சமன்பாட்டில் இரண்டால் வகுப்பது ஒன்று விடுபட்டிருந்தது. பதினேழு வயதுப் பையன் விட்டது. ஸ்டோரர் பின்னாளில் கணினி அறிவியல் பேராசிரியராகவும் ஆகிவிட்டார்.

சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த இயந்திரம் நூதனசாலைக்குப் போய்விட்டது. அந்த மொழியை இன்று யாரும் படிப்பதில்லை. இருந்தும் ஒரு மனிதரால் தாளில் இருந்த நிரலை வாசித்து, அதை எழுதிய பையனின் எண்ணம் ஓடிய வழியில் தானும் நடந்து, அது எந்த இடத்தில் சறுக்கியது என்று காட்ட முடிந்திருக்கிறது. இன்று உங்கள் போனில் இருக்கிற கேம் ஒன்றை 55 வருடம் கழித்து இப்படி யாராவது வாசிப்பார்களா? அதன் நிரல் எங்கேயிருக்கும் என்றே தெரியாது.

ஃபோக்கலை விட அதிகம் பரவியது பேசிக். 1964 மே முதலாம் திகதி விடியற்காலை, டார்ட்மத் கல்லூரியில் அதன் முதல் நிரல் ஓடியது. செய்தவர்கள் ஜோன் கெமெனி, தோமஸ் கர்ட்ஸ். இருவரும் கணிதக்காரர், கெமெனி இளவயதில் ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர். அவர்களின் நோக்கம், கலைத்துறை மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பது. தொட்ட மாணவர்கள் என்ன செய்தார்கள்? கேம் செய்தார்கள். உலகமெங்கும் பிள்ளைகள் ஒன்றுதான்.

1973இல் டேவிட் ஆல் என்பவர் 101 பேசிக் விளையாட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 1978இல் வந்த அதன் மறுபதிப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அந்தப் புத்தகத்தில் தட்டு இல்லை, கசெட் இல்லை. நிரல் மட்டுமே அச்சிட்டிருக்கும். விளையாட வேண்டுமானால் நீங்களே ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தட்ட வேண்டும். கை வலிக்கும். ஒரு கால்புள்ளி தவறினால் ஓடாது. தவறைத் தேட, நிரலைத் திருப்பி வாசிக்க வேண்டும். இப்படித்தான் ஒரு தலைமுறை, தான் வாசிக்கக் கற்கிறோம் என்று தெரியாமலே வாசிக்கக் கற்றது. 1982இல் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 எல்லாம் மின்னைப் போட்டதும் பேசிக்கில்தான் கண் விழித்தன. நம் நாட்டில் அப்படியொரு பெட்டி வீட்டில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பருவம் நமக்குக் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் நேரே சீடி யுகத்தில் இறங்கினார்கள். பம்பலப்பிட்டியில் வாங்கிய சீடியில் கேம் இருந்தது, நிரல் இருக்கவில்லை.

ஆலின் புத்தகத்தில் ஹமுராபி என்று ஒரு விளையாட்டு உண்டு. நீங்கள் பழைய சுமேரியாவின் அரசன், ஆட்சி பத்து வருடம். தொடக்கத்தில் 100 குடிமக்கள், 1000 ஏக்கர் நிலம், களஞ்சியத்தில் 2800 புசல் தானியம். ஒருவர் ஒரு வருடம் உயிர் வாழ 20 புசல் வேண்டும். மிச்சத்தில் எவ்வளவை விதைக்கிறாய், எவ்வளவுக்கு நிலம் வாங்குகிறாய், எவ்வளவை விற்கிறாய் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கும். எலி வரும், கொள்ளைநோய் வரும். பட்டினி போட்டால் மக்கள் உங்களைத் துரத்திவிடுவார்கள். இந்த விளையாட்டின் மூலம் இன்னும் பழையது. 1964இல் நியூயோர்க் மாநிலத்து ஆரம்பப் பாடசாலை ஆசிரியை மேபல் அடிஸ், ஐபிஎம் நிரலாளர் ஒருவருடன் சேர்ந்து மாணவர்களுக்காக உருவாக்கிய சுமேரிய விளையாட்டுத்தான் அது. ஆசிரிய நண்பர்களே, உலகத்தின் முதல் கேம் எழுத்தாளர்களில் ஒருவர் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்.

ஹமுராபியை வாசிக்கும்போது ஒரு விசயம் பிடிபடும். விளையாட்டின் சட்டமே நிரலில் எழுதியிருக்கிறது. எலி எவ்வளவு தின்னும், நோய் எத்தனைக்கு ஒருமுறை வரும், எல்லாம் கண் முன்னே. அந்த எண்ணை மாற்றினால் வேறு உலகம். நோய் வருகிற பதினைந்து வீதத்தை ஐம்பது ஆக்கிப் பார்த்த பிள்ளைக்கு நிகழ்தகவு என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியையும் கேட்போம். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, கணினி அறிவியலின் பெரிய தலை. 1968இலேயே, வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கோ-டூ கட்டளை தீங்கானது என்று எழுதினார். 1975இல் ஒருபடி மேலே போய், பேசிக் படித்த மாணவர்களின் மூளை திருத்த முடியாதபடி கெட்டுவிடுகிறது என்ற கருத்தில் எழுதிவைத்தார். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நூறாம் வரியிலிருந்து எழுநூறுக்குத் தாவி, அங்கிருந்து முந்நூற்று இருபதுக்குத் தாவுகிற நிரலை வாசிக்கிறவர், ஒரு நூலைப் பிடித்து இழுத்து இடியப்பம் முழுவதையும் தட்டிலிருந்து தூக்கியவர் ஆகிவிடுவார். ஒரு பக்கம் வரைக்கும் பேசிக் தெளிவு. பத்துப் பக்கம் போனால் எழுதியவருக்கே புரியாது. டைக்ஸ்ட்ராவின் கோபத்துக்கு நல்ல மறுமொழி சூரிச்சிலிருந்து வந்தது. அதைத்தான் நம் பிள்ளைகள் சாதாரண தரத்தில் வேண்டாவெறுப்பாகப் படிக்கிறார்கள்.

நிக்லாவுஸ் விர்த் 1970இல் பாஸ்கலை வெளியிட்டார், படிப்பிப்பதற்கென்றே. 2024ஆம் ஆண்டின் முதல் நாள் காலமானார். கடைசிவரை அவருடைய பேச்சு ஒன்றுதான்: மென்பொருள் கொழுக்கக் கூடாது. பாஸ்கல் நிரலைத் திறந்தால் முதலில் மாறிகளின் பட்டியல். யார் யார் வருகிறார்கள், ஒவ்வொருவரும் என்ன சாதி, முழு எண்ணா, எழுத்தா, உண்மை பொய்யா என்று கூத்துத் தொடங்கும் முன்பே கட்டியக்காரன் அறிவித்துவிடுகிறான். பிறகு சின்னச் சின்னச் செயல்முறைகள். கடைசியில் பிரதான பகுதி. ஒழுங்காக எழுதிய பாஸ்கல் நிரலைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் பழக்கம். அங்கேதான் கதைச் சுருக்கம் இருக்கும்: "உலகத்தை வரை, விசையைக் கேள், எதிரியை நகர்த்து, உயிர் தீரும்வரை திரும்பச் செய்."

எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு. எல்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டால் தொகுப்பான் கோபித்துக்கொள்ளும். மற்ற எல்லா இடத்திலும் போடு போடு என்று பழக்கிவிட்டு அங்கே மட்டும் போடாதே என்றால் பிள்ளை என்ன செய்யும்? இந்த ஒரு அரைப்புள்ளிக்காக அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

1983இல் டர்போ பாஸ்கல் வந்தது. எழுதியவர் அன்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க், விற்றது போர்லண்ட் நிறுவனம். மற்றத் தொகுப்பான்கள் நூற்றுக்கணக்கான டொலர் விற்ற காலத்தில் இதன் விலை 49.95 டொலர். தொகுப்பானும் எழுதுகிற இடமும் ஒன்றாகச் சேர்ந்து, அதன் மூன்றாம் பதிப்பு 40 கிலோபைட்டுக்கும் குறைவு. இன்று வட்ஸ்அப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. இப்போது பாடசாலைகளில் இலவசமாகப் பாவிக்கக்கூடிய ஃப்ரீ பாஸ்கல், அதே நீலத் திரை மரபைச் சேர்ந்தது.

அந்த நீலத் திரையைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் பெற்றோரின் வீட்டில் இருந்த ஒரு மாணவர், பாஸ்கல் எழுதுவதற்குத் தனக்கென்று ஒரு எழுதுபொறியைச் செய்துகொண்டிருந்தார். டர்போ பாஸ்கலில்தான். அலுத்துவிட்டது. திரையில் துடிக்கிற சுட்டியைச் சிரிக்கிற முகமாக மாற்றினார். எழுத்துகளைச் சுவராக்கினார், சுட்டி போய் முட்டினால் நிற்கும்படி செய்தார். எழுதுபொறி விளையாட்டாகிவிட்டது. இசட்இசட்டி என்ற பெயரில் 1991இல் வெளியிட்டார். படமே இல்லை, எல்லாம் எழுத்தும் குறியும் நிறமும். விளையாடுகிறவர்கள் தாமே புதிய உலகங்கள் செய்யக்கூடிய கருவியும் கூடவே இருந்தது. அந்த மாணவர் டிம் ஸ்வீனி. அந்த விளையாட்டின் வருமானத்தில் நிமிர்ந்த நிறுவனம்தான் இன்றைய எபிக் கேம்ஸ். அன்ரியல் எஞ்சின் அவர்களுடையது. பின்வரிசையில் தலை நிமிர்வது தெரிகிறது: ஆம், ஃபோர்ட்நைட்டும் அவர்களுடையதுதான்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. இசட்இசட்டியின் மூலநிரல் தொலைந்துபோனது. 2020இல் ஒரு ஆர்வலர், ஓடுகிற கோப்பிலிருந்து பின்னோக்கிப் போய், பாஸ்கல் நிரலை மறுபடி எழுதி முடித்தார். அதைப் பழைய டர்போ பாஸ்கலில் போட்டால் அசல் கோப்பு ஒரு பைட் பிசகாமல் வருகிறது. ஸ்வீனியின் அனுமதியுடன் அது இப்போது யாரும் வாசிக்கக் கிடைக்கிறது. பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அதைத் திறந்தால், வகுப்பில் படித்த அதே பிகின், எண்ட், வைல், ரிப்பீட் எல்லாவற்றையும் அங்கே பார்க்கும். நம் பாடத்திட்டத்தின் மொழியிலேயே எழுதப்பட்ட பெயர்பெற்ற கேம் ஒன்று அது.

கேள்வி வரும். வாசிக்கக் கூடியபடி எழுதினால்தான் நல்ல கேம் வருமா? இல்லை. ஒளிக்காமல் சொல்லவேண்டும். டெரி கவானாவின் வி-ஆறு என்ற விளையாட்டு 2010இல் வந்து புகழ்பெற்றது. பத்து வருடம் கழித்து அவர் மூலநிரலை வெளியிட்டபோது உலகமே வாய் பிளந்தது. விளையாட்டின் நிலைகளையெல்லாம் எண்களாகக் குறித்து ஒரே நீண்ட 'சுவிட்ச்' கட்டளைக்குள் அடைத்து வைத்திருந்தார். டைக்ஸ்ட்ரா பார்த்திருந்தால் மயங்கியிருப்பார். கேம் அருமையான கேம்தான். கிறிஸ் சோயர் 1999இல் ரோலர்கோஸ்டர் டைக்கூனைக் கிட்டத்தட்ட முழுவதும் அசெம்பிளி என்ற இயந்திர மட்ட மொழியிலேயே எழுதினார். அது சாதாரண மனிதர் வாசிக்கிற எழுத்தா? அவருக்கு வாசிக்க முடிந்தது, போதும். மாறாக, வாசிக்க அழகான நிரலில் சப்பென்ற கேமும் செய்யலாம். ஆகவே வாசிப்பின் இலகு விளையாடுகிறவருக்குப் பயன்படுவதில்லை. அது உங்களிடமிருந்து கற்க வருகிறவருக்கும், கைவிட்டுத் திரும்பி வருகிற உங்களுக்கும்தான்.

லூவா என்ற மொழியைப் பற்றிக் கொஞ்சம். அதைப் பழையது என்றால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 1993இல் பிறந்தது, இந்த மண்டபத்தில் பாதிப் பேரை விட மூத்தது. பிறந்த இடம் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். 1992 வரை பிரேசில் அரசு வெளிநாட்டுக் கணினிப் பொருட்களைத் தடுத்து வைத்திருந்தது. வாங்கமுடியாததைத் தாமே செய்கிற பழக்கம் அங்கே வளர்ந்திருந்தது. அரச எண்ணெய் நிறுவனத்தின் வேலைகளுக்காக மூன்று பேர் இந்தச் சின்ன மொழியைச் செய்தார்கள். பணக்கார நாட்டுப் பெரிய கொம்பனியிலிருந்து வராமல் உலகம் முழுவதும் ஓடுகிற மொழி என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பாசம்.

2024இல் பலட்ரோ என்ற சீட்டு விளையாட்டு வந்தது. கனடாவில் ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது. லூவாவில், லவ் என்ற சிறிய இலவசச் சட்டகத்தின் மேல் எழுதியது. முதல் மாதத்துக்குள்ளேயே பத்து லட்சம் விற்றது. அந்த விளையாட்டின் கோப்பைச் சுருக்கம் விரிக்கிற மென்பொருளால் திறந்தால் நிரல் முழுவதும் எழுத்தாகவே கிடைக்கும். ஆலின் புத்தகத்துக்குப் பிறகு மறுபடி, ஓடுகிற கேமுக்குள் வாசிக்கிற நிரல். செலெஸ்தே விளையாட்டின் முதல் வடிவமும் 2015இல் நான்கு நாளில் பிகோ-8 என்ற கற்பனைக் கணினியில் செய்யப்பட்டது. அதுவும் லூவாதான். அகலம் 128, உயரம் 128 புள்ளிகள், 16 நிறம், அதற்கு மேல் கிடையாது. வேண்டுமென்றே போட்ட வேலி. பிகோ-8 காசுக்கு விற்பது. வெளிநாட்டுக் கட்டணத்துக்கு அட்டை இல்லாதவர்கள் டிக்-80 என்ற இலவசமானதை எடுக்கலாம், குணம் ஒன்றே.

கட்டணம் என்றதும் யூனிட்டி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவைச் சொல்லவில்லை, அது வேறு, அங்கே விலை பேசலாம். கேம் எஞ்சின் யூனிட்டி 2023 செப்டம்பரில், ஒரு எல்லைக்கு மேல் ஒவ்வொரு நிறுவலுக்கும் காசு அறவிடப்போவதாக அறிவித்தது. உலகமெங்கும் சின்னக் கேம்காரர்கள் கொதித்தார்கள். ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டது. அதற்கு முன், உலாவிக்குள் கேம்களை ஓட்டிய ஃபிளாஷ் 2020இன் கடைசி நாளோடு மூடப்பட்டு ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஓடாமற் போயின. மற்றவர் வளவில் வீடு கட்டினால் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு முந்திய பாஸ்கல் நிரலை இன்றைய ஃப்ரீ பாஸ்கலில் போட்டால், சில்லறைத் திருத்தங்களோடு பெரும்பாலும் ஓடும். மொழி யாருக்கும் சொந்தமில்லை, மூட ஆளில்லை. 2022ஐ நாம் மறக்கவில்லை. ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு, டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவியது, மடிக்கணினி விலை கேட்டால் காய்ச்சல் வரும். அப்போது பெரிய எஞ்சின்களைத் திறக்கவே திணறுகிற பழைய இயந்திரங்கள் வீடுகளில் சும்மா கிடந்தன. பாஸ்கலுக்கும் லூவாவுக்கும் அந்த இயந்திரங்கள் தாராளம்.

தமிழில் எழுதினால் வாசிக்க இலகுவாகாதா என்று கேட்பீர்கள். எழில் என்ற தமிழ்க் கணினி மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் பொதுவில் விட்டது. ஹமுராபியின் ஒரு துண்டை அதில் எழுதினால் இப்படி வரும்:

@( நெல் < மக்கள் * 20 ) ஆனால்
    பதிப்பி "பஞ்சம் வரும், அரசே"
இல்லை
    பதிப்பி "இந்த வருடம் தப்பினோம்"
முடி

நிபந்தனை முதலில், "ஆனால்" பிறகு. நம் பேச்சு ஓடுகிற திசையிலேயே ஓடுகிறது. எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், பாஸ்கலின் முப்பது சொச்ச ஆங்கிலச் சொற்களைப் பிள்ளை இரண்டு கிழமையில் பழகிவிடும். அந்த இரண்டு கிழமையைக் கடக்க எழில் உதவும். அதற்குப் பிறகு வாசிப்பைத் தூக்கி நிறுத்துவது மாறிகளுக்கு நீங்கள் வைக்கிற பெயர்தான். எக்ஸ், வை, இசட் என்று பெயர் வைத்தால் எந்த மொழியிலும் இருட்டுத்தான். 'நெல்' என்று தமிழிலேயே மாறிக்குப் பெயர் வைக்க எழிலில் முடிகிறது, ஃப்ரீ பாஸ்கலில் முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதி வையுங்கள், குற்றமில்லை.

பழைய மொழிகளின் உண்மையான குறை தமிழுக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நீலத் திரை ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்து என்று நினைத்துச் செய்தது. நம் எழுத்தில் கொம்பு முன்னால் வரவேண்டும், அரவு பின்னால் வரவேண்டும், நினைவகத்தில் இருக்கிற ஒழுங்கு வேறு, திரையில் தெரிகிற ஒழுங்கு வேறு. ஆகவே "கொக்கு" என்று எழுதினால் கொக்கு பறக்காது, இறகு இறகாகக் கொட்டும். பல சிறிய கருவிகளில் இந்தச் சிக்கல் இன்றும் உண்டு. வேண்டிய வசனங்களைப் படமாக வரைந்து ஒட்டுவதுதான் கைவசமுள்ள வழி. சிரமம்தான். வேலை தேடப் போகிறவர் பாஸ்கலை மட்டும் நம்பிப் போகவும் கூடாது, போனுக்குக் கேம் செய்து விற்க நினைப்பவருக்கு இது சுற்றுவழி. இதையெல்லாம் மறைத்து உங்களுக்குப் பாஸ்கல் விற்க நான் கொம்பனி வைத்திருக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தை மாற்ற நமக்கு அதிகாரமில்லை, பயிற்சியை மாற்ற அதிகாரம் உண்டு. மூன்று எண்களில் பெரியதைக் காண்கிற அதே இஃப், எலியையும் காணும். ஒன்றிலிருந்து பத்துவரை ஓடுகிற அதே லூப், பத்து வருட ஆட்சியையும் ஓட்டும். அணி படிப்பிக்கும் கிழமையில் இசட்இசட்டி போல ஒரு சின்னத் தளக்கோலம் கீறச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வேண்டியது எதுவும் குறையாது. பிறகு ஒருவரின் நிரலை இன்னொருவரிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. எங்கே வாசிப்பு தடக்குகிறதோ அங்கே பெயர் சரியில்லை, அல்லது செயல்முறை நீளம். எனக்குத் தெரிந்த புள்ளித்திட்டம் எதையும் விட இது நன்றாக வேலை செய்கிறது.

ஹமுராபியை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்து பாஸ்கலில் எழுதி வைத்திருக்கிறேன். சுமேரியாவுக்குப் பதில் வன்னியில் ஒரு குளத்தடி ஊர். புசலுக்குப் பதில் மூடை நெல். கொள்ளைநோய்க்குப் பதில் மாரி பிழைக்கிற வருடம். எலி மட்டும் எலிதான், அதற்கு நாடு கிடையாது. குளக்கட்டைத் திருத்த எத்தனை மூடை ஒதுக்குவீர்கள் என்று புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். அதைத் தொடர்ந்து மூன்று வருடம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லமாட்டேன், நிரலில் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள். பிரதிகள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் உள்ளன, இரண்டு பக்கம், ஒரு ஆளுக்கு ஒன்று. தட்டித்தான் விளையாட வேண்டும், பென் டிரைவில் தரமாட்டேன். இனிக் கேள்விகளுக்கு வருவோம், அந்தத் தகப்பன் முதலில் கேட்கட்டும்.